மத்திய மலைநாட்டின் சுற்றுலாப் பருவங்கள்: எந்த மாதம், எந்தச் சாய்வு?



புவியியல் வினாத்தாளில் சுற்றுலாத்துறை பற்றி ஒரு வினாவைக் கண்டதும் அநேகர் மகிழ்ச்சியடைகின்றனர். இலகுவான வினா என்பது அவர்களது எண்ணம். நுவரெலியா, ஹக்கல, சிவனொளிபாதமலை, எல்ல, உலக முடிவு என்று பெயர்களை வரிசையாக எழுதி அரைப் பக்கத்தை நிரப்பிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகின்றனர். பெறுபேறு வந்த பிறகு, "சேர், அந்த வினாவை நல்லாத்தானே எழுதினேன்" என்று கேட்கின்றனர். எழுதியது பிழையல்ல. ஆனால் அது ஓர் இடப்பெயர்ப் பட்டியல். பட்டியலுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு புள்ளிகளே. மீதிப் புள்ளிகள் "ஏன்" என்பதற்கு உரியவை.

பின்வரும் வினாவை எடுத்துக்கொள்வோம்.

"மத்திய மலைநாட்டுக்கு உல்லாசப் பயணிகள் வருகின்ற காலம் இடத்துக்கிடம் வேறுபடுகின்றது. பொருத்தமான உதாரணங்களுடன் காரணங் காட்டுக."

இவ்வினாவில் "காலம்", "இடம்", "காரணம்" என மூன்று சொற்கள் உள்ளன. மூன்றையும் கோடிட்டுக்கொள்ளுங்கள். மூன்றையும் இணைக்கும் பொருள் ஒன்று உண்டு. அது காற்று.

முதலில் காற்றைப் படியுங்கள்

மலைநாடு முழுவதும் ஒரே காலத்தில் நனைவதில்லை. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசுகின்றது. கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் இக்காற்று மேற்குச் சாய்வில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து, தரையுயர்ச்சி மழையைத் தருகின்றது. வட்டவளை, கினிகத்தேனை போன்ற இடங்கள் நாட்டிலேயே அதிக மழை பெறுவதற்கு இதுவே காரணம். மேற்குச் சாய்வின் சில பகுதிகளில் ஆண்டு மழைவீழ்ச்சி 5000 மில்லிமீற்றரைத் தாண்டுகின்றது. அதே காற்று மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அதனிடம் ஈரம் மிச்சமில்லை. இறங்க இறங்க வெப்பமும் அடைகின்றது. எனவே ஊவாவில் அது வறண்ட காற்றாக வீசுகின்றது. இதனையே நம்மவர்கள் கச்சான் காற்று என்பர்.

டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை நிலைமை மறுபக்கமாகத் திரும்புகின்றது. வடகீழ்ப் பருவக்காற்று கிழக்குச் சாய்வில் மோதுகின்றது. பதுளைப் பக்கம் நனைகின்றது. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் வெளிக்கின்றது. இவ்விரண்டு பருவங்களுக்கும் இடையில் மார்ச், ஏப்பிரல் ஒரு இடைப்பருவமும், ஒக்டோபர், நவம்பர் மற்றோர் இடைப்பருவமும் உள்ளன. காலையில் வெயில், பிற்பகலில் இடியுடன் மழை என்பது இடைப்பருவத்தின் இயல்பு. இது மேற்காவுகை மழை.

ஒரு சிறு வேலை செய்யுங்கள். தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு வரையுங்கள். இடப்பக்கம் சிவனொளிபாதமலை, ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை. வலப்பக்கம் பண்டாரவளை, எல்ல, பதுளை, வெலிமடை. நுவரெலியாவையும் ஹோட்டன் சமவெளியையும் கோட்டின் மேலேயே எழுதுங்கள். கோட்டின் மேலுள்ள இடங்களுக்கு இரண்டு பக்கத்துக் குணமும் உண்டு. இந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டால் எந்த மாதத்தில் எந்த இடம் என்பதை மனனம் செய்ய வேண்டியதில்லை. நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

டிசெம்பர் முதல் மே வரை: சிவனொளிபாதமலை

இங்கே முதலில் ஒரு பிழையைத் திருத்திக்கொள்வோம். இலங்கையின் மிக உயரமான மலை சிவனொளிபாதமலை அன்று. மிக உயரமானது 2524 மீற்றர் உயரமுடைய பிதுருதலாகலை. சிவனொளிபாதமலையின் உயரம் 2243 மீற்றர். ஆனால் அது மலைத்தொகுதியின் மேற்கு ஓரத்தில், கூம்பு வடிவில் தனித்து உயர்ந்து நிற்பதால் எங்கிருந்து பார்த்தாலும் அதுவே பெரிதாகத் தெரிகின்றது.

யாத்திரைப் பருவம் டிசெம்பரில் வரும் உந்துவப் பௌர்ணமியில் தொடங்கி மே மாதத்து வெசாக் பௌர்ணமியுடன் நிறைவடைகின்றது. பௌத்தர்கள் புத்தரின் பாதம் என்றும், இந்துக்கள் சிவனின் பாதம் என்றும், முஸ்லிம்கள் ஆதம் நபியின் பாதம் என்றும் நம்புகின்றனர். கிறிஸ்தவர்களிடையேயும் இம்மலை பற்றிய மரபு உண்டு. இவ்வளவும் பெரும்பாலான விடைகளில் இருக்கும். இல்லாதது எது தெரியுமா? பருவம் ஏன் வெசாக்குடன் முடிகின்றது என்பதுதான்.

பதில் உங்கள் தாளிலேயே உள்ளது. மலை இடப்பக்க ஓரத்தில் நிற்கின்றது. மே மாதத்தின் பின் தென்மேல் பருவக்காற்றை முதலில் தாங்குவது அந்தப் பக்கமே. மழை, பலத்த காற்று, மூடுபனி, வழுக்கும் படிகள். ஆகவே பௌர்ணமி நாட்கள் சமயத்தால் குறிக்கப்பட்டவை. அந்த இரு பௌர்ணமிகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஏறுவதற்கு இடங்கொடுப்பது காலநிலை. விடையில் இரண்டையும் எழுத வேண்டும். சமயத்தை மட்டும் எழுதினால் அது சமய பாட விடை. காலநிலையை மட்டும் எழுதினால் மனிதர் இல்லாத புவியியல்.

நல்லதண்ணி வழியாக ஏறுவோருக்கு 5000க்கும் மேற்பட்ட படிகள். இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல வழியாகச் செல்லும் பாதை இதைவிட நீளமானது, கடினமானது. பெரும்பாலானோர் இரவில் ஏறி விடியற்காலையில் உச்சியை அடைவர். கிழக்கே சூரியன் உதிக்கும்போது மேற்கே பனிமூட்டத்தின் மீது மலையின் நிழல் முக்கோணமாக விழும். பருவ காலத்தில் பாதை முழுவதும் மின்விளக்கும் தேநீர்க் கடைகளும் இருக்கும். ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் நான் சொல்லித் தரத் தேவையில்லை. பருவம் தொடங்கியதும் மஸ்கெலியா பஸ்ஸில் இடம் கிடைக்காது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வெசாக் முடிந்ததும் நல்லதண்ணிக் கடைகள் மூடப்படுகின்றன. ஆறு மாதம் நடந்த வியாபாரம் அத்துடன் நிற்கின்றது. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாவிலும் அதன் அயலிலும் வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் துகள் உறைபனி விழுவதுண்டு. வெள்ளையாகக் கிடக்கும் புற்றரையைப் படம் எடுக்க வாகனங்களில் ஆட்கள் வருவர். அதே உறைபனி தேயிலைக் கொழுந்தையும் மரக்கறிச் செடியையும் கருக்கிவிடுகின்றது. பார்க்க வருபவருக்குக் காட்சி, பயிரிட்டவருக்கு நட்டம். இவ்வாறான இருபக்க உதாரணம் ஒன்றை விடையில் சேர்த்தால் பரீட்சகர் நின்று வாசிப்பார்.

ஏப்பிரல்: நுவரெலியா வசந்த காலம்

இப்பகுதியைச் சற்று விரிவாகப் பார்ப்போம். முதலில் ஒரு கணக்கு. உயரம் 1000 மீற்றர் அதிகரிக்கும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். நுவரெலியா நகரின் உயரம் ஏறத்தாழ 1868 மீற்றர். ஆகவே குறைவு சுமார் 12 பாகை. கொழும்பின் சராசரி வெப்பநிலை 27 பாகை எனின் நுவரெலியாவில் ஏறத்தாழ 15 பாகை. இக்கணக்கை விடையில் ஒரு வரியில் செய்து காட்டுங்கள். "நுவரெலியா குளிர்ச்சியான இடம்" என்று பத்து வரிகளில் எழுதுவதைவிட அது மேலானது.

ஏப்பிரல் தாழ்நிலத்தில் மிக வெப்பமான காலம். ஆங்கிலேய அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் அந்த வெப்பத்திலிருந்து தப்ப மலைக்கு ஏறினர். தேசாதிபதி எட்வர்ட் பான்ஸின் காலத்தில் (1824-1831) நுவரெலியா ஓர் ஆரோக்கிய வாசத்தலமாக வளரத் தொடங்கியது. 1848 இல் சாமுவேல் பேக்கர் அங்கே ஆங்கிலேயப் பண்ணைக் குடியிருப்பொன்றை அமைத்தார். தேசாதிபதி வில்லியம் கிரகரியின் பெயரால் 1873 இல் ஏரி உருவானது. 1885 இல் ரயில் பாதை நானுஓயாவை அடைந்தது. இந்த இறுதித் திகதியை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மாட்டு வண்டியில் நாட்கணக்காகச் சென்ற பயணம் ஒரு நாளுக்குள் அடங்கியது ரயிலால். காலநிலை காரணத்தைத் தந்தது. போக்குவரத்து வசதியைத் தந்தது. இரண்டும் சேர்ந்தபோதே "பருவம்" பிறந்தது.

ஆங்கிலேயர் போன பின்னும் பருவம் போகவில்லை. ஆட்கள் மாறினர். இன்று ஏப்பிரல் மாதத்தில் நுவரெலியாவை நிரப்புவோர் உள்நாட்டவர்கள். சித்திரைப் புத்தாண்டும் பாடசாலை விடுமுறையும் ஒன்றாக வருவது இதற்குக் காரணம். ஏப்பிரல் முதலாந் திகதி பாடசாலை வாத்தியக் குழுக்களின் அணிவகுப்புடன் வசந்த காலம் ஆரம்பிப்பது வழக்கம். குதிரைப் பந்தயம், மகாகஸ்தோட்டை மலையேற்ற மோட்டார் ஓட்டம், விக்டோரியாப் பூங்காவில் மலர்க் கண்காட்சி, கிரகரி ஏரியில் படகு என்று மாதம் முழுவதும் நிகழ்வுகள். 1861 இல் கொயினாப் பயிர்ச்செய்கைக்காகத் தொடங்கப்பட்ட ஹக்கல தாவரவியற் பூங்காவிலும் அப்போது பூக்கள் நிறைந்திருக்கும். போகும் வழியில் சீத்தாஎலிய அம்மன் ஆலயம். இதன் கும்பாபிஷேகம் 2024 மே மாதத்தில் நடைபெற்றபின் இந்தியாவிலிருந்து இராமாயணத் தலங்களைத் தரிசிக்க வருவோர் பற்றிய உதாரணத்துக்கும் இவ்விடத்தைப் பயன்படுத்தலாம்.

நிகழ்வுகளை எழுதும்போது இன்னொரு பக்கத்தையும் எழுதப் பழகுங்கள். 2024 ஏப்பிரல் 21 ஆந் திகதி தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் மோட்டார் ஓட்டப் போட்டியில் வாகனம் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் மீது மோதியதில் 7 பேர் உயிரிழந்தனர். பெருந்தொகையான மக்கள் ஒரே நாளில் ஒரே இடத்தில் கூடும்போது பாதுகாப்பும் திட்டமிடப்பட வேண்டும் என்பதற்கு இதனை விட நேரடியான உதாரணம் தேவையில்லை.

ஏப்பிரல் இடைப்பருவம் என்பதையும் மறவாதீர்கள். காலையில் ஏரிக்கரையில் வெயில் காய்ந்தவர்கள் மூன்று மணிக்குக் கடை வாசலில் ஒதுங்கி நிற்பர்.

ஜூன் முதல் செப்டெம்பர் வரை: ஊவாப் பக்கம்

எனது சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் ஆகஸ்ட் விடுமுறையில் எனது வகுப்பு மாணவர்களை ஹோட்டன் சமவெளிக்கு அழைத்துச் சென்றேன். விடுமுறையைப் பார்த்தேனே தவிர காற்றைப் பார்க்கவில்லை. புறப்படவும் பிந்திவிட்டது. உலக முடிவு விளிம்பை அடைந்தபோது மணி பத்தரை. கீழே சுமார் 870 மீற்றர் பள்ளம் இருப்பதாக வகுப்பில் படம் வரைந்து காட்டியிருந்தேன். எதிரே இருந்தது ஒரு வெள்ளைத் திரை மாத்திரமே. ஒரு மாணவி, "சேர், உலகம் உண்மையாகவே இங்க முடிஞ்சிட்டுது போல" என்றாள். எல்லோரும் சிரித்தனர். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பின்னர் ஒஹிய வழியாக அப்புத்தளைப் பக்கம் இறங்கினோம். சிறிது நேரத்தில் வானுக்குள்ளே வெயில் வந்தது. பிள்ளைகள் ஸ்வெட்டரைக் கழற்றினர். காலையில் எங்களை நனைத்த அதே காற்று மலையின் மறுபக்கத்தில் வறண்டு வீசிக்கொண்டிருந்தது. மழைநிழற் பிரதேசம் என்ற சொல்லை அன்றிலிருந்து அந்த வகுப்பில் யாரும் மறந்ததில்லை.

ஹோட்டன் சமவெளிக்குச் சிறந்த காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அதுவும் விடிந்ததும் உள்ளே சென்று ஒன்பது மணிக்கு முன் உலக முடிவை அடைந்துவிட வேண்டும். 2100 மீற்றருக்கு மேலுள்ள இப்புல்வெளியும் முகிற்காடும் 1988 இல் தேசிய பூங்காவாக்கப்பட்டன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளின் நீரூற்றுப் பகுதி இது. 2010 இல் சிவனொளிபாத வனாந்தரம், நக்கிள்ஸ் காடு ஆகியவற்றுடன் சேர்த்து மத்திய உயர்நிலங்கள் என்ற பெயரில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இங்கே 12 வருடங்களுக்கு ஒரு முறை வரும் பருவமும் ஒன்றுண்டு. நெலு எனப்படும் குறிஞ்சி வகைச் செடிகள் ஒன்றாகப் பூத்து, விதையிட்டு, மடிகின்றன. 2013 இல் பூத்தவை 2025 இல் மீண்டும் பூத்தன. அதைக் காணவே பெருந்தொகையானோர் வந்தனர். காற்றையும் விடுமுறையையும் பொருட்படுத்தாத ஒரே பருவம் இதுவே.

இனி ஊவாவுக்கு வருவோம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மேற்குப் பக்கம் நனைந்துகொண்டிருக்க, எல்ல, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் வறண்டிருக்கும். ஐரோப்பாவில் அது கோடை விடுமுறைக் காலம். கண்டி எசல பெரஹராவும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலேயே வருகின்றது. எனவே வெளிநாட்டவர் கண்டியில் பெரஹரா பார்த்து, ரயிலேறி எல்லவுக்குச் செல்வது வழமையான பாதையானது. அந்த ரயில் பயணமே ஒரு கவர்ச்சி என்பதை எழுதுங்கள். கடல் மட்டத்திலிருந்து 1891 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொல நாட்டின் மிக உயரமான ரயில் நிலையம். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் உருக்கின்றிக் கல், செங்கல், சீமெந்து கொண்டு கட்டப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம். தெமோதரையில் பாதை வளைந்து சென்று ரயில் நிலையத்துக்குக் கீழேயே சுரங்கத்தால் நுழைகின்றது. அப்புத்தளையில் 1931 இல் கட்டப்பட்டு இன்று துறவியர் மடமாக விளங்கும் அடிசம் மாளிகையும், தம்பேதன்னைத் தோட்டத்துக்கு மேலே லிப்டன் சீட் என்னும் காட்சி முனையும் உள்ளன.

இங்கே உங்களுக்கு ஒரு நல்ல ஒப்பீடு கிடைக்கின்றது. ஊவாத் தேயிலையின் தரமான காலம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. டிம்புள்ளைத் தேயிலையின் தரமான காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. வறண்ட காற்றில் கொழுந்து மெதுவாக வளர்வதால் வாசனை செறிகின்றது. இந்த மாதங்களையும் உல்லாசப் பயணிகள் வரும் மாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேற்கில் இரண்டும் ஆண்டின் தொடக்கத்தில். கிழக்கில் இரண்டும் ஆண்டின் நடுப்பகுதியில். ஒரே காற்றுத்தான் தேயிலைக்கும் பயணிக்கும் நாள் குறிக்கின்றது.

ஒக்டோபர், நவம்பர்: யாரும் எழுதாத பருவம்

வினா "வருகின்ற காலம்" பற்றிக் கேட்டால் வராத காலத்தையும் ஒரு பந்தியில் சொல்ல வேண்டும். இரண்டாவது இடைப்பருவத்தில் மலைநாட்டின் இரு பக்கமும் மழை பெறுகின்றன. வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகும் காலமும் அதுவே. இக்காலத்தில் நீர்வீழ்ச்சிகள் நிறைந்து விழும். கலுபஹனைக்கு அருகிலுள்ள 263 மீற்றர் உயரமான பம்பரகந்த நாட்டிலேயே உயர்ந்தது. கொஸ்லந்தைக்கு அருகே 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும இரண்டாவது. (தலவாக்கலைப் பக்கத்துச் சென். கிளயர் நீர்வீழ்ச்சியை உதாரணமாக எழுதுவோர் கவனிக்க: 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டம் அதன் நீரைத் திருப்பிக்கொண்டது. பயணிகளுக்காகப் பகலில் குறித்த மணித்தியாலங்களில் நீர் திறந்துவிடப்படும் ஏற்பாடு செய்யப்பட்டது.)

ஆனால் நீர்வீழ்ச்சியை நிரப்பும் மழை மலைச்சரிவின் மண்ணையும் நிரப்புகின்றது. தியலுமவைப் பார்க்கச் செல்லும் அதே கொஸ்லந்தைப் பகுதியில்தான் 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலையில் மீரியபெத்த தோட்டத்து லயன்கள் மண்சரிவில் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் மண்சரிவாலும் வெள்ளத்தாலும் மிகக் கடுமையாகத் தாக்கப்பட்டன. நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. அது எந்த மாதம் என்று பாருங்கள். உந்துவப் பௌர்ணமிக்குச் சில நாட்களே இருந்தன. பருவம் தொடங்கும் வாசலில் பாதையே இல்லாமற் போனது.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் அந்த மாவட்டங்களிலேயே இருக்கிறீர்கள். சிலருக்கு இது பாடமல்ல, வீட்டுக் கதை. நீங்கள் கண்டதைப் பரீட்சை விடையில் எழுதலாமா என்று ஒரு மாணவன் கேட்டான். தாராளமாக எழுதலாம். இடம், மாதம், சாய்வு, மழை, விளைவு என்ற ஒழுங்கில் எழுதினால் அது மிகச் சிறந்த கள ஆய்வு உதாரணம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு முன்னெச்சரிக்கைகளை விடுக்கின்றது என்பதையும், அவ்வெச்சரிக்கை ஊரவருக்கும் விடுதியில் தங்கியிருக்கும் பயணிக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதையும் ஆலோசனைப் பகுதியில் சேருங்கள்.

வருமானம் யாருக்கு, எத்தனை மாதத்துக்கு?

நல்லதண்ணிக் கடைகளை நினைவில் வைக்கச் சொன்னேன். இப்போது அதை எடுத்துக்கொள்வோம். சுற்றுலாவின் பருவத்தன்மை என்பது இதுவே. 20 அறைகள் கொண்ட விடுதி ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். ஏப்பிரலில் 30 நாளும் நிரம்பினால் 600 அறை இரவுகள். ஜூனில் காற்பங்கு மாத்திரம் நிரம்பினால் 150. ஆனால் அறைகள் ஜூனில் குறைவதில்லை. கூரை, கடன், மின் இணைப்பு, காவலாளி எல்லாம் அப்படியே. எனவே முதலாளி ஏப்பிரலில் விலையை உயர்த்துகிறார். ஜூனில் ஆட்களைக் குறைக்கிறார். விலை உயர்வைப் பயணி சுமக்கிறார். வேலை இழப்பைச் சுமப்பவர் பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து அறை துப்புரவு செய்த அல்லது சமையலறையில் நின்ற இளைஞர். மாணவர் விடைகளில் "வேலைவாய்ப்பு அதிகரிக்கும்" என்ற வரி தவறாமல் இருக்கும். எத்தனை மாதத்துக்கு என்ற வரி இருப்பதில்லை.

சிறு வருமானங்களும் உண்டு. நுவரெலியா, வெலிமடை வீதியோரங்களில் கரட், லீக்ஸ், ஸ்ட்ரோபெரி விற்போர், முச்சக்கர வண்டி ஓட்டுநர், ஏரிக்கரையில் குதிரை நடத்துவோர். இவர்கள் ஒரு மாத வருமானத்தைக் கொண்டு அடுத்த சில மாதங்களைச் சமாளிப்பவர்கள். மறுபுறம், பருவ காலத்தில் நகரின் நீர்த் தேவை உயர்கின்றது, வாகன நெரிசலால் நோயாளரைக் கொண்டுசெல்லும் வண்டியும் வீதியில் நிற்கின்றது, சிவனொளிபாதமலைப் பாதையில் பொலித்தீன் குவிகின்றது. மழை வந்ததும் அந்தப் பொலித்தீன் ஓடைக்குப் போகின்றது. ஓடை களனி கங்கைக்குப் போகின்றது.

வெளிநாட்டுப் பயணிகளின் வருகை உள்நாட்டு நிலைமையால் எவ்வளவு தளம்புகின்றது என்பதற்கு மூன்று எண்கள் போதும். 2018 இல் இலங்கைக்கு வந்தோர் ஏறத்தாழ 23 இலட்சம். 2019 இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நிகழ்ந்தன, அதன் பின் கொவிட் தொற்று வந்தது. 2020 இல் தொகை 5 இலட்சமளவில் வீழ்ந்தது. 2024 இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. 2020 மார்ச் மாதத்திலிருந்து ஊரடங்கு நடைமுறையில் இருந்ததால் அவ்வருட ஏப்பிரலில் நுவரெலியாவுக்கு உள்நாட்டவரும் வரவில்லை. ஒரே பருவத்தை நம்பியிருக்கும் ஊருக்கு ஒரு ஏப்பிரல் தவறினால் அடுத்த ஏப்பிரல் வரை காத்திருக்க வேண்டும்.

பருவத்தை நீட்டுவதற்கு என்ன செய்யலாம் என்று கேட்கப்பட்டால், வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் இணைத்துச் சிந்தியுங்கள். மேற்கு மூடும்போது கிழக்கு திறக்கின்றது. தோட்ட மக்களின் விழாக்களும் உண்டு. மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தும், மாசி மகத்தையொட்டி மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்தில் நடைபெறும் பஞ்சரத பவனியும் ஏப்பிரலுக்கு முன்னரே வருகின்றன. ஆயினும் அவை மக்களின் வழிபாடு. பயணிக்காக நேரம் மாற்றப்படும் காட்சியாக அவற்றை ஆக்குவது சரியா என்று நீங்கள் எதிர்வாதமும் எழுதலாம். எனது கருத்து, கூடாது என்பதே. ஆனால் காரணத்தோடு எழுதப்பட்ட எந்தப் பக்கத்துக்கும் புள்ளி உண்டு.

மாதிரி விடையின் ஒரு பந்தி

"மத்திய மலைநாட்டின் சுற்றுலாக் காலம் பருவக்காற்றின் திசையாலும் சாய்வின் அமைவாலும் தீர்மானிக்கப்படுகின்றது. உதாரணமாக, மேற்கு ஓரத்தில் அமைந்த சிவனொளிபாதமலையின் யாத்திரைக் காலம் டிசெம்பர் முதல் மே வரையாகும். வெசாக்கின் பின் தென்மேல் பருவக்காற்று தரும் தரையுயர்ச்சி மழை ஏறுவதைக் கடினமாக்குகின்றது. அதே காற்றின் மழைநிழற் பிரதேசத்தில் அமைந்த எல்ல, பண்டாரவளை ஆகிய இடங்கள் ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறண்டிருப்பதால் அங்கே பயணிகள் கூடுகின்றனர். நுவரெலியாவின் ஏப்பிரல் பருவத்துக்கு உயரத்தால் ஏற்படும் குளிர்ச்சியுடன் புத்தாண்டு விடுமுறையும் 1885 இல் வந்த ரயில் பாதையும் காரணங்களாகும்."

எண்ணிப் பாருங்கள். இடப்பெயர்கள் நான்குதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் மாதமும் காரணமும் உண்டு.

பயிற்சி வினாக்கள்

1. நானுஓயாவிலிருந்து பதுளை வரையிலான ரயில் பாதையின் பருமட்டான படம் வரைந்து, ஆகஸ்ட் மாதத்தில் மழை குறையத் தொடங்கும் பகுதியைக் குறிக்குக. அவ்விடத்தைத் தெரிவு செய்தமைக்குக் காரணம் தருக.

2. உறைபனி, தியலும நீர்வீழ்ச்சி, கச்சான் காற்று ஆகிய மூன்றில் இரண்டைத் தெரிவு செய்து, ஒவ்வொன்றும் பயணிக்கும் அவ்விடத்து மக்களுக்கும் தருவது என்ன என்பதை ஒப்பிடுக.

3. உங்கள் வீட்டுக்கு மிக அருகிலுள்ள மலைச்சரிவு எந்தத் திசையை நோக்கியுள்ளது? அங்கே கடைசியாகப் பெருமழை பெய்த மாதம் எது? வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் கேட்டு எழுதி வருக.